திருகோணமலையில் சின்ன விடுதி பிடிக்கும் முறை

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் கும்பிட வரும் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் முதலில் எனக்குத்தான் போன் எடுப்பார்கள். "பெரிய ஹோட்டல் வேண்டாம் பிள்ளை, துப்புரவான சின்ன இடமாப் பார்த்துச் சொல்லு" என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லாரையும் தங்க வைக்க இடம் போதாது. அதனால் டவுனில் உள்ள சின்ன விடுதிகளின் படியெல்லாம் ஏறி இறங்கிப் பழகிவிட்டது. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

முதலில் எங்கே தங்குவது என்று முடிவு செய்யுங்கள். இணையத்தில் தேடினால் டவுனுக்கு வெளியே கடற்கரையில் உள்ள உப்புவெளியும் நிலாவெளியும்தான் முன்னுக்கு வரும். கடலில் குளிக்கவும் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் போகவும் வருகிறீர்கள், அதுவும் மே முதல் செப்டம்பர் வரை கடல் அடங்கிக் கிடக்கும் காலம் என்றால் தாராளமாக அங்கே தங்குங்கள். கோயில், கோட்டை, ஊர் என்று வருகிறவர்களுக்கு டவுன்தான் சரி. டவுனில் இருந்து நிலாவெளி ஏறக்குறைய 15 கிலோமீட்டர். காலையும் மாலையும் ஆட்டோ பிடித்தால், அறை வாடகையில் மிச்சம் பிடித்த காசு ஆட்டோவுக்கே போய்விடும்.

நான் முதலில் கைகாட்டுவது டைக் வீதிப் பக்கம். டச்பே கடற்கரையை ஒட்டிய வீதி அது. சொந்த வீட்டிலேயே சில அறைகளை வாடகைக்கு விடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கடல் கிழக்கே இருப்பதால் விடியும்போது சூரியன் நேரே முன்னால் எழும்பும். பின்னேரத்தில் ஊரே அந்த மணலில் வந்து இருந்து கதைக்கும். நடுவே கோட்டை மான்களும் உலாவும். அவற்றுக்குச் சாப்பாட்டுப் பையைக் காட்டாதீர்கள், பொலித்தீனோடு சேர்த்துத் தின்றுவிடும்.

அங்கிருந்து, கோணேசர் கோயில் இருக்கும் கோட்டையின் வாசலுக்கு நடந்தே போகலாம். போர்த்துக்கேயர் 1622 இல் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் எடுத்துத்தான் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். 1950 இல் பக்கத்தில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து பழைய விக்கிரகங்கள் வெளியே வந்தன. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் கோட்டை வாசலில் இருந்து கோயிலுக்குப் போகும் அந்த ஏற்றத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். வாகனத்தில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது கிடைக்காது. நடைதூரத்தில் அறை எடுக்க நான் சொல்வதே இதற்காகத்தான்.

சரி, அறைக்கு வருவோம். படத்தைப் பார்த்து முழுக்காசும் கட்டாதீர்கள். ஒரு இரவுக்கு மட்டும் சொல்லிவிட்டு வந்து, அறையைப் பார்த்து, பிடித்தால் நீட்டுங்கள். உள்ளே போனதும் கட்டிலைப் பார்க்க முன்னர் குளியலறைக்குப் போங்கள். பைப்பைத் திறந்து கொஞ்சம் ஓடவிட்டு, கையில் சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். நுரை எழும்பாமல் பிசுபிசுத்தால் அது சவர்த் தண்ணி, உப்புக் கலந்தது. கடலோர மணலில் வெட்டிய கிணறுகள் சிலவற்றில் அப்படித்தான் வரும். ஒரு இரவுக்குச் சமாளிக்கலாம், கூட நாள் என்றால் தலைமயிர் கயிறாகிவிடும். சுடுதண்ணி வசதிக்கென்று கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை. வெயில் காலத்தில் கூரைத் தாங்கியில் இருந்து வரும் தண்ணியே மத்தியானம் சுடும்.

அடுத்தது நுளம்பு வலை. அதை விரித்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஓட்டை இருந்தால் உடனே தெரியும். கிழிந்திருந்தால் அப்போதே வேறு கேளுங்கள், இரவு கேட்டால் யாரும் இருக்கமாட்டார்கள். 2017 இல் டெங்கு கிண்ணியாவைப் படுத்திய பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாங்கள். மழைக் காலத்தில் முற்றத்தில் தண்ணி தேங்கிய வாளியோ சட்டியோ கண்டால், வாடகை எவ்வளவு குறைவு என்றாலும் அந்த இடம் வேண்டாம்.

வாடகையைக் கேட்கும்போது ஏசியோடு எவ்வளவு, ஏசி இல்லாமல் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். எதிரெதிரே யன்னல் உள்ள மேல்மாடி அறைக்குக் கடற்காற்றும் ஒரு ஃபேனும் போதும். நவம்பரில் இருந்து மழைக்காலம், வெளிநாட்டுக்காரர் குறைவு, பேசினால் குறைப்பார்கள். சிவராத்திரி, கோயில் திருவிழா நாட்களில் குறைக்கச் சொல்லிப் பயனில்லை, அறை கிடைப்பதே பெரிய விஷயம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் விடியமுன் வந்து இறங்கிவிடுவார்கள். அறையோ மத்தியானம்தான் காலியாகும். போனிலேயே, "அண்ணன், வெள்ளனவே வந்திடுவம், குளிச்சு உடுப்பு மாத்த இடம் தருவீங்களா?" என்று கேளுங்கள். சின்ன விடுதிக்காரர் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பையை அங்கேயே வைத்துவிட்டுக் காலைப் பூசைக்குப் போகலாம்.

சாப்பாட்டை வாடகையோடு சேர்த்துப் பேச வேண்டாம். இடியப்பமும் சொதியும் வெளியே நல்லதாகவே கிடைக்கும். வீட்டுச் சமையல் வேண்டும் என்றால் வீட்டுக்கார அக்காவிடம் காலையிலேயே சொல்ல வேண்டும், மீன் வாங்குவது அப்போதுதான். விரதகாரர் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காத பாத்திரம் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் பலரும் கேட்க மறந்துவிடுவார்கள்: உடுப்புக் காயப்போட வெயில் படுகிற இடத்தில் கொடி இருக்கிறதா என்பது. கன்னியா வெந்நீரூற்று டவுனில் இருந்து 8 கிலோமீட்டர் அளவில், அநுராதபுரம் வீதிப் பக்கம். ஏழு கிணறுகளிலும் அள்ளிக் குளித்துவிட்டு ஈரச் சேலையும் வேட்டியும் துவாயுமாகத் திரும்பி வருவீர்கள். கன்னியாவைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள், முந்தின நாள் காலையில் போய்வந்தால் எல்லாம் காய்ந்த பிறகு மடித்துப் பையில் வைக்கலாம்.