ராட்செட் ஸ்ட்ராப் போட்டு லோடு கட்டுறது எப்படி: புதுசா கத்துக்கிறவங்களுக்கு

முதல் தடவை ராட்செட்டை, அதாவது லீவரை ஆட்டி பட்டையை இறுக்குற கருவியை, கையில வாங்கினப்ப பட்டையை எந்தப் பக்கம் நுழைக்கிறதுன்னே தெரியாம ரொம்ப நேரம் முழிச்சவன் நான், அதனால வெக்கமே படாதீங்க.

கட்டுறதுக்கு முன்னாடி பட்டையில தச்சிருக்குற லேபிளைப் பாருங்க. லேபிள் நீலம்னா பாலியஸ்டர், பச்சைன்னா நைலான், இது ஐரோப்பிய தர முறை. லோடுக்கு பாலியஸ்டர்தான் சரி, நைலான் நிறைய நீளும், நனைஞ்சா இன்னும் தொங்கிப் போயிடும். அறுந்துபோற அளவுன்னு பெருசா ஒரு நம்பர் போட்டிருந்தா அதைப் பாத்து ஏமாறாதீங்க, நிஜமா தாங்க வைக்கவேண்டிய லிமிட் பொதுவா அதுல மூணுல ஒரு பங்குதான். லேபிளே இல்லையா, ஓரம் கிழிஞ்சிருக்கா, முடிச்சு விழுந்திருக்கா? தூக்கிப் போடுங்க.

அடுத்து லோடை முன்பக்கத் தடுப்போட ஒட்டி வைங்க. பிரேக் அடிச்சா லோடு அதோட எடையில 0.8 மடங்கு விசையோட முன்னாடி பாயும்னு வெச்சுதான் கணக்கு போடுறாங்க, 500 கிலோ பொருள்னா 400 கிலோ தள்ளுற மாதிரி. அடியில ரப்பர் மேட் போட்டா வழுக்குறது நல்லா குறையும், பட்டையோட வேலையும் லேசாகும்.

இப்ப பட்டையை லோடு மேல போட்டு, ரெண்டு ஹூக்கையும் வண்டியோட டி-ரிங்ல (லோடு கட்டுறதுக்குன்னே இருக்குற D வடிவ இரும்பு வளையம்) மாட்டுங்க, பாடியோட மெல்லிசான தகட்டு ஓரத்துல இல்ல. நடுவுல இருக்குற உருளையில ஒரு நீளப் பொளவு இருக்கும் பாருங்க, பட்டை நுனியை அடிப்பக்கமிருந்து அதுல விட்டு மேல எடுத்து, வந்த வழியே திருப்பி கையால நல்லா இழுங்க. இங்கதான் எல்லாரும் சொதப்புறது! தொய்வை இழுக்காமலே லீவரை ஆட்ட ஆரம்பிச்சா பட்டை உருளையில உருண்டை உருண்டையா சேர்ந்து, இறுகுறதுக்கு முன்னாடியே இடம் அடைச்சு நின்னுடும். இழுத்தப்புறம் லீவரை அடிச்சா உருளையில 2 சுத்து, அதிகபட்சம் 3 சுத்து வந்தா போதும். 1 சுத்துதான்னா வழுக்கிடும். கடைசியா லீவரை மொத்தமா மடக்கி லாக் பண்ணுங்க, டக்னு ஒரு சத்தம் வரும்.

கோணம் முக்கியம். பட்டை நேரா செங்குத்தா இறங்கினா முழு அழுத்தமும் கீழ விழும், தரையோட 30 டிகிரியில படுத்துக் கிடந்தா பாதிதான். அதனால அகலமா தள்ளி மாட்டாம பொருளுக்குப் பக்கத்துலயே மாட்டுங்க.

கூர்மையான ஓரம் வர்ற இடத்துல மூலைக் காப்பு வைங்க. ஒரு தடவை இரும்பு ஃப்ரேம் மேல அப்படியே போட்டு இறுக்கிட்டேன், இறக்கும்போது பாத்தா பட்டை பாதி அறுந்து நார் நாரா தொங்குது, மிச்சம் பாதியிலதான் மொத்த வழியும் வந்திருக்கேன்.

அட்டைப்பெட்டி மாதிரி அமுங்குற சாமான்னா கிளம்பி கொஞ்ச தூரத்துலயே நிறுத்தி தொட்டுப் பாருங்க, கண்டிப்பா தளர்ந்திருக்கும். மிச்ச வாலை சுருட்டிக் கட்டுங்க, சக்கரத்துல மாட்டினா அவ்ளோதான்.

அவிழ்க்க, முதல்ல பொருள் சாய்ஞ்சு நிக்குதான்னு பாருங்க, அப்புறம் லீவர்ல இருக்குற சின்ன ட்ரிக்கரை இழுத்துப் பிடிச்சு லீவரை 180 டிகிரி திறங்க. விட்ட உடனே துள்ளும், முகத்தை நேரா வெச்சுக்காதீங்க.