ஸ்டிக்கரை அச்சாக ஒட்டிப் பெயர்ப்பலகைக்குப் பெயிண்ட் எழுத்து எழுதும் முறை

திருநெல்வேலி டவுனின் ரத வீதிகளில் மேற்கு வெயில் விழும் கடைப் பலகைகளை நின்று பார்த்தால், வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர் எழுத்து எங்கே முதலில் கெடுகிறது என்பது தெரிந்துவிடும். ஸ்டிக்கர் வெட்டும் பிளாஸ்டிக் தாளான சாதாரண வினைல், சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துச் செய்யப்படுகிறது. அந்த இழுவிசை அதற்குள்ளேயே தங்கிவிடுவதால், வெயில் ஏற ஏற அது மெல்லச் சுருங்கி, எழுத்தின் ஓரத்தில் பசையை வெளிக்காட்டுகிறது. பசையில் தூசி படிந்து கறுப்புக்கோடு விழுகிறது. பிறகு நுனிகள் சுருண்டு எழுகின்றன. அதே வினைலை எழுத்தாக விட்டுவிடாமல் அச்சாக மட்டும் ஒட்டி, அதன் வழியே எனாமல் பெயிண்ட் அடித்து, பின்னர் உரித்து எடுத்துவிட்டால், எழுத்து பலகையின் பரப்போடு ஒன்றாகிவிடும். மங்கினாலும் மேலே ஒரு பூச்சு கொடுத்துப் புதுப்பிக்கலாம்.

ஏற்கெனவே ஒட்டிய ஸ்டிக்கர் எழுத்தின் மீதே எனாமல் அடித்து நிறம் மாற்ற முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். அதைச் செய்யாமலிருப்பதே நல்லது. வினைல் வளைந்து கொடுப்பதற்காக அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல மேலே கசிந்து எனாமலில் ஏறுவதால், பெயிண்ட் பல வாரங்களானாலும் பிசுபிசுப்பாகவே நின்று தெருத்தூசியை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பிளெக்ஸ் துணியில் எனாமல் அடித்தாலும் இதே கதைதான்.

முதலில் பலகை. சாதாரண இரும்புத் தகடாக இருந்தால் துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன் மேல் எனாமல் இரண்டு பூச்சு கொடுத்தால் போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு அப்படியன்று. அதன் மேலிருக்கும் துத்தநாகம் எண்ணெய் அடிப்படையிலான எனாமலோடு வினைபுரிந்து சோப்புப் போன்ற ஒரு படலத்தை உண்டாக்குகிறது; தொடக்கத்தில் பளபளவென்று நிற்கும் பெயிண்ட், பின்னர் ஏடு ஏடாகக் கழன்று விழும். ஆகவே ஜி.ஐ. தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுத்து, அதற்கென்றே விற்கப்படும் எட்ச் பிரைமரை மெல்லியதாக அடித்த பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். மரப்பலகையில் நரம்பு தெரியாத அளவுக்குப் பட்டி பார்த்துத் தேய்க்க வேண்டும். நரம்பின் பள்ளத்தில் வினைல் ஒட்டாது, அந்தப் பள்ளத்தின் வழியாகவே பெயிண்ட் ஊர்ந்து செல்லும்.

அடிநிறம் அடித்த பலகையைக் குறைந்தது ஒரு வாரம் நிழலில் வைத்திருக்க வேண்டும். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளமில்லை. எனாமல் மேலே காய்ந்த பிறகும் உள்ளே பல நாட்கள் இறுகிக்கொண்டிருக்கும். பலகையின் மூலையில் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டி, மறுநாள் உரித்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

எழுத்தின் அளவைத் தீர்மானிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம். எதிர்ச்சாரியிலிருந்து நாற்பது அடியில் தெளிவாகப் படிக்க வேண்டுமானால் நான்கு அங்குலம் வேண்டும். இந்த உயரத்தை ‘ப’, ‘ட’ போல மேலும் கீழும் நீளாத எழுத்தில் அளக்க வேண்டும். ‘கி’யின் கொக்கியும் ‘ல்’லின் புள்ளியும் மேலே ஏறும், ‘கு’வும் ‘ழு’வும் கீழே இறங்கும். இந்த இரண்டு பக்கத்துக்கும் இடம் விடாமல் ஆங்கிலத்துக்கு வரி பிரிப்பதுபோல் பிரித்தால், மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். தமிழ்நாட்டில் கடைப் பலகையில் தமிழ் முதலில் வர வேண்டும் என்ற விதியையும், தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை 5:3:2 என்ற அளவில் அமைய வேண்டும் என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கணக்கில் கொள்வது நல்லது. கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தை வைத்ததும் வளைகோடாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளை இணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமான பிளாட்டர் எழுத்தின் நடுவிலும் வெட்டிவிடும்.

பெயிண்ட் மாஸ்க் என்று விற்கப்படும் பசை குறைந்த வினைலே இந்த வேலைக்குப் பொருத்தமானது. அது கிடைக்காதபோது சாதாரண ஸ்டிக்கரைப் பயன்படுத்தலாம். ஆனால் உரித்த பிறகு பலகையில் பசை தங்கினால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மென்மையாகத் துடைக்க வேண்டியிருக்கும். பிளேடு வினைலை மட்டும் வெட்டி, அடித்தாளில் கோடு மட்டும் விழும்படி அழுத்தத்தை வைத்து, முதலில் ஒரு சிறு சதுரத்தை வெட்டிப் பார்க்க வேண்டும்.

வெட்டிய வினைலில் வேண்டாத பகுதியை உரித்தெடுக்கும்போது கை பழக்கத்தில் தவறு செய்யும். ஸ்டிக்கர் வேலையில் எழுத்தை வைத்துக்கொண்டு சுற்றியிருப்பதை எடுப்போம். அச்சு வேலையில் எழுத்தை எடுத்துவிட்டுச் சுற்றியிருப்பதை வைத்துக்கொள்ள வேண்டும். ‘ல’, ‘வ’, ‘ன’, ‘ண’ ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் சிறு துண்டுகளும் அப்படியே நிற்க வேண்டும். மூட்டையில் மை தேய்க்கும் தகர அச்சில் இந்த உள்வட்டம் விழாமலிருக்கப் பாலம் விட்டாக வேண்டும், அதனால் சுழி உடைந்து தெரியும். வினைல் அச்சில் பாலமே தேவையில்லை. தமிழ் எழுத்தின் வடிவம் சிதையாமல் வருவதற்காகவே இந்த முறையை நான் விரும்புகிறேன். புள்ளிகளை மட்டும் கடைசியில் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். எடுக்காமல் விட்ட ஒரே ஒரு புள்ளியால் ‘பால் கடை’ ‘பால கடை’ ஆகிவிடும்.

வெட்டிய துண்டுகளை இடம் மாறாமல் பலகைக்கு எடுத்துச் செல்ல, அச்சின் மேல் அப்ளிகேஷன் டேப் என்ற ஒட்டுத்தாளை ஒட்டி, பலகையில் நூல் பிடித்து மட்டம் பார்த்து, நடுவில் தொடங்கி இருபுறமும் ஸ்க்வீஜி என்ற தட்டையான தேய்ப்பானால் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டுவதற்குச் சோப்புத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இங்கே கூடாது; ஓரத்தில் தங்கும் ஈரம் பெயிண்டைக் கெடுக்கும். டேப்பை எடுத்த பின், சுழிகளின் ஓரங்களை விரல் நகத்தால் துணி வைத்து அழுத்தி, அச்சைச் சுற்றிக் காலியாக இருக்கும் பலகையைச் செய்தித்தாளால் மூட வேண்டும்.

இப்போது வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. எழுத்து நிறத்தை நேரடியாக அடிக்கக் கூடாது. முதலில் பலகையின் அடிநிறத்தையே அச்சின் மீது மிக மெல்லியதாக ஒரு பூச்சு அடிக்க வேண்டும். வினைலின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எங்கிருந்தாலும் இந்தப் பூச்சு உள்ளே ஊர்ந்து அதை அடைத்துவிடும். ஊர்ந்தது அடிநிறமே என்பதால் வெளியே தெரியாது. பின்னால் வரும் எழுத்து நிறத்துக்கு நுழைய வழியிருக்காது. அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி மண்டி ஒன்றுக்கு மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து எழுதியபோது, அவசரத்தில் இந்தப் பூச்சை விட்டுவிட்டேன். உரித்துப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் மீசை முளைத்திருந்தது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் உட்கார்ந்து மெல்லிய தூரிகையால் மஞ்சளைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

காலையில் இந்தப் பூச்சு கொடுத்தால் மாலையில் எழுத்து நிறத்தின் முதல் பூச்சையும், மறுநாள் காலையில் இரண்டாவதையும் கொடுக்கலாம். ஸ்பான்ஞ் ரோலரைத் தட்டில் நன்றாக உருட்டிப் பெயிண்டைக் குறைத்துக்கொண்டு, வினைலின் மேலிருந்து எழுத்தின் உள்நோக்கி உருட்ட வேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ளினால் பெயிண்ட் ஓரத்துக்கு அடியில் போகும். ஸ்பிரே கன் என்றால் பலகைக்கு நேர் எதிரே, எட்டுப் பத்து அங்குலம் தள்ளிப் பிடிக்க வேண்டும். எனாமலை டர்பென்டைனால் மட்டுமே இளக்க வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான என்.சி. தின்னர் சீக்கிரம் காயும் என்று கலந்தால், அது அடியிலுள்ள எனாமலை இளக்கித் தோல்போலச் சுருக்கிவிடும்.

கடைசிப் பூச்சு முழுவதும் காயும் முன்பே அச்சை உரிக்க வேண்டும். விரலால் வினைலின் மேலுள்ள பெயிண்டைத் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலில் வரக் கூடாது. நம்மூர் வெயில்நாளில் அந்தப் பதம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். வினைலை மேல்நோக்கித் தூக்காமல், பலகையோடு படிய மடித்து, பின்னோக்கி நிதானமாக இழுக்க வேண்டும். முழுதாகக் காய்ந்துவிட்டால் வினைலின் மேலுள்ள பெயிண்டோடு எழுத்தின் ஓரமும் சேர்ந்தே கிழியும். அப்படி நேர்ந்தால் புது பிளேடால் ஓரத்தில் மெல்லக் கீறிவிட்டு உரிக்கலாம். சுழிக்குள் இருக்கும் துண்டுகளை ஊசி நுனியால் எடுக்க வேண்டும்.

நிழல் எழுத்து வேண்டுமென்றால், நிழலை முதலில் அடித்து ஒரு வாரம் காயவிட்டு, இரண்டு அச்சிலும் ஒரே இடத்தில் வெட்டிய சிலுவைக் குறிகளைப் பொருத்தி மேலெழுத்தை அடிக்க வேண்டும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று தூசியை வாரிக் கொட்டும். கதவை அடைத்து, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு அடிப்பதே வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதிகாலைப் பலகை வியர்த்திருக்கும்; அதன் மேல் அடித்த எனாமல் பளபளப்பை இழந்து மங்கும். அக்கினி நட்சத்திரத்தில் தகட்டை வெயிலில் வைத்து ஒட்டினால் வினைல் இளகி நீளும், எழுத்து கோணும்.

உரித்த பலகையை இரண்டு நாள் படுக்கையாகவே வைத்து, ஒரு வாரம் கழித்து மாட்டலாம். வெட்டிய கோப்பையும், அடித்த இரு நிறங்களில் மூடி இறுகிய சிறு டப்பா ஒவ்வொன்றையும் கடைப் பெயர் எழுதி எடுத்து வைத்தால், மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து அதே அண்ணாச்சி வரும்போது எழுத்தைப் புதிதாக வடிவமைக்க வேண்டியிருக்காது.