குளிர்காலத்தில் நடையும் சாப்பாடும்: முதல் நான்கு வாரத்துக்கான செய்முறை

குளிர்காலத்தில் தொடங்கும் நடைப் பழக்கம் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் அறுந்துபோகும். ஒன்று வாசற்படி. ஸ்வெட்டரைத் தேடி, காலுறையைத் தேடி, வெளியே எட்டிப் பார்த்து, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று கதவைச் சாத்திவிடுவோம். இன்னொன்று சமையலறை. நடந்துவிட்டு வந்த பசியில் பிஸ்கட் பாக்கெட் பாதி காலியாகிவிடும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரைமணி நேரம் மிதமாக நடந்தால் ஏறத்தாழ 120 முதல் 140 கலோரி செலவாகும். நான்கைந்து கிரீம் பிஸ்கட் அதை அப்படியே திருப்பித் தந்துவிடும். அதனால் இங்கே நடையைவிட, அதற்கு முந்தைய இரவுக்கும் நடந்து முடித்த முதல் அரைமணி நேரத்துக்கும்தான் அதிக இடம்.

எவ்வளவு நடக்க வேண்டும்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். முதல் வாரமே அங்கே தாவ வேண்டாம். முதல் வாரம் 15 நிமிடம், நான்கு நாள். இரண்டாம் வாரம் 20 நிமிடம், அதே நான்கு நாள். மூன்றாம் வாரம் 25 நிமிடம், ஐந்து நாள். நான்காம் வாரம் 30 நிமிடம், ஐந்து நாள், 150 வந்துவிட்டது. வேகத்துக்குக் கருவி எதுவும் தேவையில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

இதய நோய், உயர் ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் ரத்த அழுத்தம் ஏறும். குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழாயை இறுக்கும்.

படி 1: முந்தைய இரவே உடுப்பை எடுத்து வையுங்கள்

மூன்று அடுக்கு போதும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், அதன்மேல் ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தவறுவது அநேகமாக முதல் அடுக்கில்தான். பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத்தோடு முதுகில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பத்தாவது நிமிடத்தில் கதகதப்பாக இருந்தவர் இருபதாவது நிமிடத்தில் நடுங்குவது இதனால்தான். அப்போது பலரும் மறுநாள் இன்னொரு ஸ்வெட்டரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வியர்வை கூடும், ஈரம் கூடும், குளிரும் கூடும்.

சரியாக உடுத்தியிருக்கிறோமா என்று பார்க்க, வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். லேசாகக் குளிர வேண்டும். அங்கேயே இதமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள். நடுவில் வியர்க்கத் தொடங்கினால் ஜாக்கெட் ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்கள்; குல்லாவையும் கையுறையையும் கழற்றுவது அதற்கு அப்புறம்.

காலுறை ஒன்று போதும். இரண்டு தடித்த காலுறையை ஒரே ஷூவுக்குள் திணித்தால் பாதம் நெருக்கப்பட்டு ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் சில்லிடும். ஷூவுக்குள் விரல்களை அசைக்க முடிகிறதா என்று பாருங்கள். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் விடிவதற்குள் ஈரத்தைப் பெருமளவு இழுத்துவிடும்.

படி 2: இரவே சூப்பையும் முடித்துவிடுங்கள்

திரும்பி வந்ததும் சூடாக ஏதாவது தயாராக இருந்தால் பிஸ்கட் டப்பா பக்கம் கை போகாது. நான்கு பேருக்கான அளவு இது: சீக்கிரம் வேகும் பருப்பு 150 கிராம், கேரட், பீன்ஸ், கோஸ் போன்ற காய்கறி 400 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், உப்பு தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, மிளகு, பூண்டு, இரண்டு தக்காளி.

பருப்பைக் கழுவித் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். 15 நிமிடம் கழித்துக் காய்கறியும் பூண்டும். பருப்பு விரலால் நசுக்கினால் மசியும் பதம் வந்த பிறகுதான் தக்காளி. முன்னாலேயே போட்டால் அதன் புளிப்பு பருப்பை வேகவிடாது. அரைமணி நேரம் கொதித்தும் பருப்பு கடுக் கடுக்கென்று இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். (பழைய பருப்பானாலும் அப்படி ஆகும்.) உப்பு கடைசியில். ஒரு கிண்ணத்துக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல் உப்பும் ஏறத்தாழ 9 கிராம் புரதமும் வரும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்ற வரம்பை மனதில் வைத்துத்தான் இந்த அளவு.

அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். தேவையானதை மட்டும் எடுத்து, கொதிக்கும்வரை சூடாக்குங்கள்.

படி 3: கிளம்பும் முன்

வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் வேக நடைக்கு இரண்டு மணி நேரம் பொறுங்கள். வெறும் வயிற்றில் தலை சுற்றுகிறவர்கள் அரைமணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் இதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் நடந்து, தோளையும் கணுக்காலையும் சுழற்றுங்கள். பிறகு காற்றைப் பாருங்கள். வெப்பமானி 0 டிகிரி செல்சியஸ் காட்டினாலும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 6 போல உறைக்கும். போகும்போது எதிர்காற்றில் போங்கள், வரும்போது காற்று முதுகில் இருக்கட்டும். மாற்றிச் செய்தால், வியர்த்த உடம்போடு எதிர்காற்றில் திரும்ப வேண்டியிருக்கும்.

படி 4: நடக்கும்போது

மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடினால் உள்ளே போகும் காற்று சற்று வெதுவெதுப்பாகும். உறைந்த தரையில் அடியைச் சின்னதாக வைத்து, பாதம் முழுவதும் தரையில் படும்படி, உடல் எடையை முன்காலின் மேல் இறக்கி நடங்கள். கைகள் பாக்கெட்டுக்குள் இருக்கக் கூடாது. வழுக்கினால் சமாளிக்க அவைதான் உதவும். நெஞ்சில் அழுத்தம், வழக்கமில்லாத மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் அங்கேயே நிறுத்தி உதவி கேளுங்கள். விரலோ காது மடலோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள், உள்ளே வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். உணர்ச்சி திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

படி 5: திரும்பி வந்த அரைமணி நேரம்

முதலில் ஈர பனியனை மாற்றுங்கள். அடுத்து ஒரு டம்ளர் வெந்நீர். குளிரில் தாகம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் சிறுநீர் அதிகம் பிரியும், மூச்சிலும் நீர் போகும். அந்த வறட்சியைப் பசி என்று நினைத்துவிடுவது உண்டு. அதன் பிறகு சூப். உட்கார்ந்து, நிதானமாக.

மற்ற வேளைக்குத் தட்டின் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ இருக்கட்டும். பழமும் காயும் சேர்த்து நாளுக்கு 400 கிராம் வர வேண்டும். குளிரில் பச்சைக் காய்கறி இறங்காது என்றால் வேகவைத்துச் சாப்பிடுங்கள். உறைநிலைக் காய்கறியையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பறித்த கையோடு உறையவைப்பதால் சத்து பெரிதாகக் குறைவதில்லை. பனி இளகக் காத்திருக்காமல் நேரே கொதிக்கும் பாத்திரத்தில் போடுங்கள், குழையாது.

தரை முழுக்கப் பனிக்கட்டியாக இருக்கும் நாளில் வெளியே போக வேண்டாம். மூன்று வேளையும் சாப்பிட்ட பின் வீட்டுக்குள் பத்துப் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் ரத்தச் சர்க்கரையை இது தணிக்கும், அன்றைய 30 நிமிடக் கணக்கும் விட்டுப்போகாது.