டைகாமிலிருந்து நிஃப்டிக்கு: ஸ்கேன் படங்களை டெர்மினலில் மாற்றுவது

எம்ஆர்ஐ ஸ்கேனோடு தரும் சிடி தட்டைத் திறந்தால் பல நேரம் இரண்டு வகைப் படங்கள் இருக்கும். ஒன்று, சும்மா திறந்து பார்க்க ஜேபெக். இன்னொன்று, ஏதோ ஒரு உள் ஃபோல்டரில் எக்ஸ்டென்ஷனே இல்லாமல் கிடக்கும் நூற்றுக்கணக்கான டைகாம் ஃபைல்கள், அதாவது ஸ்கேன் இயந்திரம் படத்தைச் சேமிக்கும் மூல வடிவம். ஆய்வுக்கு வேண்டியது இரண்டாவதுதான். ஜேபெக்கில் ஒரு புள்ளிக்கு 8 பிட்தான். ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்) இடைவெளி, தலை இருந்த திசை, எக்கோ நேரம் (எம்ஆர்ஐ அமைப்புகளில் ஒன்று) எதுவும் மிஞ்சாது. அதை நிஃப்டியாக, அதாவது மூளைப் பட ஆய்வு நிரல்கள் படிக்கும் ஃபைல் வடிவமாக, மாற்றிப் பயனில்லை.

டைகாமை நிஃப்டியாக்க மூளைப் பட ஆய்வில் பரவலாகப் பயன்படுவது டிசிஎம்2என்ஐஐஎக்ஸ் என்ற கருவி. உபுண்டுவில் ஆப்ட், மேக்கில் ஹோம்ப்ரூ, பைத்தான் இருந்தால் பிப் என எதன் வழியாகவும் இதே பெயரில் நிறுவலாம். பெயரையும் ஆப்ஷன்களையும் இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து.

சிடி தட்டிலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். முழு ஃபோல்டரையும் டிஸ்கில் நகலெடுத்து, ஃபைல் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். வெளியீட்டுக்கான ஃபோல்டரையும் முன்னமே உருவாக்கிவிட்டு, இப்படிக் கட்டளை கொடுங்கள்:

டிசிஎம்2என்ஐஐஎக்ஸ் -இசட் ஒய் -எஃப் "%பி_%எஸ்" -ஓ /டேட்டா/நிஃப்டி /டேட்டா/டைகாம்

உள்ளீட்டு ஃபோல்டர் எப்போதும் கடைசியில். இசட் ஒய் என்பது ஜிஜிப்பில் சுருக்கச் சொல்கிறது. ஓ, வெளியீட்டு இடம். எஃப், பெயர் அமைப்பு: %பி என்றால் புரோட்டோகால் (ஸ்கேன் முறை) பெயர், %எஸ் என்றால் சீரிஸ் (ஒரே ஓட்டத்தில் எடுத்த படத்தொகுதி) எண். விண்டோஸில் இதை பேட்ச் ஃபைலுக்குள் எழுதினால் ஒவ்வொரு % குறியையும் இரண்டு முறை போட வேண்டும். இல்லையென்றால் பெயர் சிதைந்துவிடும்.

எஃப் ஆப்ஷனை விட்டுவிட்டு ஓட்டுவது பலர் செய்யும் தவறு. அப்போது கருவி தானாகப் போடும் பெயர் டைகாம் இருந்த ஃபோல்டரின் பெயரில் தொடங்கும். நோயாளியின் பெயரே ஃபோல்டர் பெயராக இருந்தால், அது அப்படியே ஒவ்வொரு நிஃப்டி ஃபைலின் பெயரிலும் ஏறிவிடும். ஸ்கேன் விவரங்களோடு கூடவே எழுதப்படும் ஜேசன் என்ற டெக்ஸ்ட் ஃபைலில் நோயாளியின் பெயர், பிறந்த தேதி போன்றவற்றைக் கருவியே தவிர்த்துவிடுகிறது. உள்ளே மறைத்துவிட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய கதைதான்.

கட்டளை முடிந்ததும் ஒவ்வொரு சீரிஸுக்கும் ஒரு நிஃப்டியும் ஒரு ஜேசனும் இருக்கும். டிஃப்யூஷன் ஸ்கேன் (திசுவில் நீரின் அசைவைக் காட்டும் எம்ஆர்ஐ) என்றால் கூடுதலாக பிவால், பிவெக் என்ற இரண்டு சிறு டெக்ஸ்ட் ஃபைல்கள் வரும். நாலையும் பிரிக்காமல் வையுங்கள். ஜேசனில் நேரங்கள் விநாடியில் இருக்கும், டைகாமில் மில்லி விநாடியில். ரெபெட்டிஷன் டைம் 2000 என்று இருந்தது 2 ஆகத் தெரிந்தால் அது பிழையல்ல.

ஃபைல் வந்துவிட்டது என்பதற்காக மாற்றம் சரியாக நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. டெர்மினலில் ஓடிய எச்சரிக்கைகளை மேலே தள்ளிப் படியுங்கள். ஸ்லைஸ் இடைவெளி மாறுபடுகிறது என்று எச்சரிக்கை வந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, சில தலை சிடி ஸ்கேன்களில் அடிப்பகுதியை நெருக்கமாகவும் மேல்பகுதியை அகலமாகவும் எடுப்பார்கள். நிஃப்டியில் ஸ்லைஸ் இடைவெளிக்கு ஒரே எண்தான் என்பதால், கருவி இடைவெளியைச் சமமாக்கி, பெயரின் முடிவில் 'இக்யூ' என்று சேர்த்து இன்னொரு ஃபைல் எழுதும். முப்பரிமாண வேலைக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது காரணம், நகலெடுக்கும்போது நடுவில் சில ஃபைல்கள் விட்டுப்போயிருப்பது. அப்போதும் 'இக்யூ' ஃபைல் வரும்; இல்லாத ஸ்லைஸை அக்கம்பக்கத்திலிருந்து கணக்கிட்டு நிரப்பியிருக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். எண்ணிக்கையை முதலிலேயே சரிபார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

'டில்ட்' என்று முடிந்தால், சிடி ஸ்கேன் இயந்திரத்தைச் சாய்த்து எடுத்த படத்தைக் கருவி நிமிர்த்தியிருக்கிறது என்று பொருள். பயன்படுத்த வேண்டியது அதையே. 'இ2' என்பது இரண்டாவது எக்கோ, 'பிஎச்' என்பது ஃபேஸ் படம் (முகம் அல்ல, எம்ஆர்ஐ சிக்னலின் கட்டம்). வெறும் 'ஏ', 'பி' என்று ஒட்டிக்கொண்டு வந்தால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் மோதியிருக்கிறது. பெரும்பாலும் அதே கட்டளையை அதே ஃபோல்டருக்கு இரண்டாம் முறை ஓட்டியதுதான் காரணம். பழையதன் மேலேயே எழுத வேண்டும் என்றால் -டபிள்யூ 1 சேருங்கள்.

சில சீரிஸ் மட்டும் மாறவே மாட்டேன் என்றால், படம் ஜேபெக் 2000 முறையில் சுருக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அந்த வசதி இல்லாமல் தொகுக்கப்பட்ட பதிப்புகள் உண்டு. ஜிடிசிஎம்கான்வ் என்ற கருவியில் ரா என்ற ஆப்ஷனைக் கொடுத்து ஃபைல்களை முதலில் விரித்துக்கொண்டு, பிறகு மாற்றலாம்.

அடுத்து எண்கள். சிடி ஸ்கேனில் காற்று சுமார் -1000 காட்ட வேண்டும். உங்கள் நிரல் 24 என்று காட்டினால், ஹெடரில் (ஃபைலின் விவரப் பகுதியில்) உள்ள சாய்வையும் (பெருக்க வேண்டிய எண்) இடைவெட்டையும் (கூட்ட வேண்டிய எண்) அது கணக்கில் சேர்க்கவில்லை. இடைவெட்டு பல இயந்திரங்களில் -1024.

இடம் வலம் இன்னும் தொல்லை. டைகாமில் எக்ஸ் அச்சு நோயாளியின் இடப்பக்கம் நோக்கிக் கூடும், நிஃப்டியில் வலப்பக்கம் நோக்கி. கருவி இதைச் சரியாகவே ஹெடரில் உள்ள மேட்ரிக்ஸில் எழுதிவிடுகிறது. ஹெடரைப் படிக்காமல் படத்தின் வெறும் எண் அட்டவணையை (அரே) எடுத்து வரைந்தால்தான் படம் திரும்பும். ஸ்கேன் எடுப்பதே உங்கள் கையில் இருந்தால், வலது நெற்றிப்பொட்டில் எண்ணெய் நிரம்பிய ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். டி1 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் அது தோலுக்கு வெளியே பளிச்சென்று ஒரு முட்டை வடிவமாகத் தெரியும். எந்த வியூவரில் திறந்தாலும் வலது எது என்ற சந்தேகமே வராது.

வெளியாருக்கு அனுப்புவதற்கு முன், டி1 படத்தில் முகத்தை நீக்கும் கருவி ஒன்றை ஓட்டுங்கள். பெயரை எடுத்துவிட்டாலும், தோலின் மேற்பரப்பை முப்பரிமாணத்தில் வரைந்தால் மூக்கும் காதும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.