கொப்புளம் வந்ததே தெரியல

போன சித்திரையில் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். உச்சி வெயில், கல் கொதித்தது. கூட வந்தவர்கள் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓட, நான் மட்டும் நிதானமாகச் சுற்றி வந்தேன். சாமி அருள் என்றார் மாமியார்! இராத்திரி பாயில் ஈரம். பார்த்தால் பெருவிரலுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு கொப்புளம் உடைந்து கிடக்கிறது. வலியே இல்லை. சர்க்கரை வந்து 11 வருஷம்.

டாக்டர் நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வளைய அழுத்தி, "தெரியுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே போனார். பாதி இடத்தில் தெரியவில்லை; சர்க்கரையால் அங்கே உணர்ச்சி போயிருந்தது. புண் ஆற ஆறு வாரம் ஆனது.

இப்போது படுக்குமுன் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். விரல் இடுக்கை ஈரம் போகத் துடைப்பேன். தேங்காய் எண்ணெய் குதிகாலுக்கு மட்டும், இடுக்கில் கூடாது. வெந்நீரின் சூட்டைக் காலால் பார்ப்பதில்லை, முழங்கையால்தான். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு. (உணர்ச்சியற்ற கால்களுக்கு ஏற்ற செருப்புக்காக மெனக்கெட்ட டாக்டர் பால் பிராண்ட் நம்ம வேலூரில் வேலை பார்த்தவர்தான்.) கோயிலுக்கு விடியற்காலையில், கெட்டிக் காலுறையோடு. குருக்கள் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார்தான் இன்னும் முறைக்கிறார்.