டொராண்டோவில் கூரை ஆன்டெனா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொட்டை மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்புவார். கீழே நிற்பவர், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... ஐயோ போச்சு!" என்று கத்துவார். நம்மில் பலர் டிவி பார்த்தது இப்படித்தான். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள் கடல் தாண்டி இலங்கையின் ரூபவாஹினி டிவியையே இழுத்தார்கள். இன்று டொராண்டோவில் கேபிளை நிறுத்திவிட்டுக் கூரையில் ஆன்டெனா போடப் போகிறவர்களின் காலை வாருவதும் அந்தப் பழைய அனுபவம்தான்.

இங்கே பெரிய நகரங்களில் 2011 ஆகஸ்ட் 31-ஐக் கெடுவாக வைத்து ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறியது. டிஜிட்டலில் 'கொஞ்சம் புள்ளியடிக்குது, பரவாயில்லை' என்கிற பேச்சே கிடையாது. சிக்னல் போதுமென்றால் படம் பளிச்சென்று இருக்கும். சற்றுக் குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் ஒன்றுமே இராது.

முதல் தவறு, அட்டைப்பெட்டியை நம்புவது. '200 மைல்' என்று போட்டிருப்பார்கள். பூமி உருண்டை, அவ்வளவு தூரத்தில் இருக்கும் கோபுரம் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். கூரையில் நல்ல ஆன்டெனா வைத்தாலும் நூறு கிலோமீட்டரைத் தாண்டினாலே பாடுதான். '4கே ஆன்டெனா' என்பதும் வெறும் விற்பனைப் பேச்சு. அலுமினியக் குச்சிக்கு 4கே ஏது, 2கே ஏது?

கடைக்குப் போகும் முன் ராபிட்இயர்ஸ் இணையதளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். எந்தக் கோபுரம் எந்தத் திசையில், எத்தனை தூரத்தில் என்று காட்டிவிடும். ஸ்கார்பரோ வீடு என்றால், டொராண்டோ சேனல்களை அனுப்பும் சி.என். டவர் தென்மேற்கில், 20 கிலோமீட்டர் சுமாரில். அமெரிக்கச் சேனல்களை அனுப்பும் பஃபலோ பக்கத்துக் கோபுரங்களோ ஏரிக்கு அப்பால், தெற்கே சற்றுக் கிழக்காக, 85 முதல் 130 கிலோமீட்டர் வரை சிதறிக் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஐம்பது அறுபது பாகைக் கோணம். பக்கத்துவீட்டுக்காரர், டவருக்கு மேற்கே மிசிசாகாவில் இருக்கும் தன் தம்பி வாங்கியதையே வாங்கி, அதே திசையில் திருப்பினால் எப்படிச் சரிவரும்? பொதுவாக ஆன்டெனாவைத் தொலைவில் இருக்கும் பஃபலோவைப் பார்த்து வையுங்கள். சி.என். டவர் பக்கவாட்டில் வந்தாலும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது அலைவரிசை. டிவி வருவது இரண்டு பட்டைகளில்: அலை நீளமான விஎச்எஃப், அலை குட்டையான யூஎச்எஃப். இங்கே அதிகம் விற்பது, நான்கு வண்ணத்துப்பூச்சிகளைச் சட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் குத்திவைத்தது போன்ற ஆன்டெனா. யூஎச்எஃப்புக்கு அருமையான சரக்கு. ஆனால் திரையில் 9 என்று தெரியும் டொராண்டோ சி.டி.வி. சேனல் வருவது விஎச்எஃப்பில். 'எல்லாம் வருது, 9 மட்டும் வரலை' என்ற புலம்பலுக்குக் காரணம் பல வீடுகளில் இதுதான். ஒரு டேப்பை வைத்து அளந்தாலே விஷயம் தெரிந்துவிடும். யூஎச்எஃப் குச்சி 25 முதல் 32 சென்டிமீட்டர் இருந்தால் போதும், சி.டி.வி.க்கு 80 சென்டிமீட்டர் அளவில் ஒரு நீளக் குச்சி வேண்டும். திரையில் தெரியும் சேனல் எண்ணை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். பஃபலோவின் 2, 4 இரண்டும் பெயருக்குத்தான் அந்த எண்கள், வருவது யூஎச்எஃப்பில்.

இனி பூஸ்டர், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவி. இதில் நானே மாட்டியிருக்கிறேன். அப்போது ஈட்டோபிக்கோவில் வாடகைக்கு இருந்தோம். மாடி ஜன்னலைத் திறந்தால் சி.என். டவர் தெரியும். ஒன்றிரண்டு சேனல் உடைகிறதே என்று ஆன்டெனா அடியில் பெரிய பூஸ்டர் ஒன்றை மாட்டினேன். இருந்த சேனலும் போய்விட்டது. ஒரு வார இறுதி முழுக்கக் கேபிளையும் டிவியையும் குறை சொல்லிவிட்டு, கடைசியில் பூஸ்டரைக் கழற்றினேன். அத்தனையும் திரும்பி வந்தது! கோபுரம் அருகில் இருந்தால் சிக்னல் ஏற்கெனவே பலமாக இருக்கும். அதற்கு மேலும் ஏற்றினால் பூஸ்டரே திணறிவிடும். போதாததற்கு 617 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, முன்பு டிவி இருந்த இடத்தில், இப்போது செல்போன். பழைய பூஸ்டர் அதையும் சேர்த்துப் பெருக்கும். தொலைவில் இருப்பவருக்குப் பூஸ்டர் அவசியம்தான். அதைக் கம்பத்திலேயே, ஆன்டெனாவுக்கு ஒட்டி வைக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் வைத்தால் வழியில் தேய்ந்துபோன சிக்னலை இரைச்சலோடு சேர்த்துப் பெருக்குவதுதான் மிச்சம்.

அந்தத் தேய்மானம் சாதாரணமானதல்ல. ஆன்டெனாவுக்குப் போடும் நல்ல ஆர்ஜி-6 ரகக் கேபிளிலேயே 100 அடிக்கு ஏறக்குறைய 5 டெசிபெல் போகும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு காலி. நான்கு டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் ஒவ்வொரு டிவிக்கும் கிடைப்பது கால் பங்குக்கும் குறைவு. சுவருக்குள் ஓடும், இன்னும் அதிகம் இழக்கும் பழைய ஆர்ஜி-59 கேபிளை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

சிலர் சன் டிவி வரும் என்று ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். வராது.

எர்த் விஷயத்தில் மட்டும் சோம்பல் வேண்டாம். கம்பத்தையும் கேபிளையும் வீட்டு எர்த்தோடு இணையுங்கள். மின்கம்பி பக்கத்தில் போனால், கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைத் தொடாத தூரத்தில் நடுங்கள். பனி உறைந்த கூரையில் ஏறவே ஏறாதீர்கள். ஏப்ரல் வரை பொறுத்தால் போச்சு.