கொழும்பு வெக்கையில் வீட்டு டோனரும் லோஷனும் கெடாமல் இருக்க

வீட்டில் செய்த டோனர் (முகத்தில் பூசும் தண்ணீர் போன்ற திரவம்), லோஷன் போன்றவற்றை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதில் தண்ணீர் இருக்கிறதா? வெறும் எண்ணெய்க் கலவை என்றால், ஈரக்கை படாத வரை, மாதக்கணக்கில் இருக்கும். நாளாக ஆகச் சிக்கு வாடை வரும், அவ்வளவுதான். அதைத் தள்ளிப்போட விற்றமின் ஈ கொஞ்சம் விடலாம். ஆனால் பன்னீர், கற்றாழை, கிளிசரின் கலந்த தண்ணீர் என்று ஏதாவது உள்ளே போனால் கதையே வேறு, அங்கே விற்றமின் ஈ கிருமியை ஒன்றும் செய்யாது. இதைப் பலர் நம்ப மாட்டார்கள். வெளியில் 30 பாகை, காற்றில் எப்போதும் ஈரம், இப்படி ஒரு ஊரில் தண்ணீர் கலந்த எதுவும், கிருமி வளராமல் தடுக்கும் பாதுகாப்புப் பொருள் இல்லாமல் நிற்காது. கலங்கல் தெரிவதற்கு முன்பே கிருமி பெருகியிருக்கும் என்பதுதான் இதில் மோசமான விஷயம்.

அரைத்த வெள்ளரிக்காய், பச்சைக் கற்றாழை எல்லாம் போட்டால் அன்றே பூசி முடித்துவிடுங்கள். பிரிட்ஜ் கெடுவதைத் தாமதமாக்கும், நிறுத்தாது.

சரி, 200 கிராம் டோனர் செய்கிறீர்கள் என்று வையுங்கள். தண்ணீர் பார்மசியில் வாங்கிய வடித்த தண்ணீராக இருக்கட்டும், பெட்ரோல் ஷெட்டில் விற்கும் பேட்டரித் தண்ணீர் வேண்டாம். அதில் பாதுகாப்புப் பொருட்களாகச் சோடியம் பென்சோயேட் 1 கிராம், பொட்டாசியம் சோர்பேட் அரைக் கிராம் கரைய விடுங்கள். தேக்கரண்டிக் கணக்கு இதற்குச் சரிவராது, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும். இரண்டும் நன்றாகக் கரைந்த பிறகுதான் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு தடவையும் கலக்கி, பிஎச் தாளை (புளிப்பின் அளவைக் காட்டும் தாள், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) நனைத்துப் பாருங்கள். 4.5 அளவில் நிறுத்துங்கள். 5.5க்கு மேல் போனால் போட்ட பென்சோயேட் பேருக்குத்தான் இருக்கும், ஏனென்றால் அது அமிலமாக மாறினால்தான் வேலை செய்யும். இந்தக் கலவையில் தேசிக்காய் பிழிகிற யோசனையை விட்டுவிடுங்கள். பென்சோயேட்டும் விற்றமின் சியும் வெயில் படச் சேர்ந்திருந்தால் பென்சீன் உண்டாகலாம், அது புற்றுநோயை உண்டாக்கும் பொருள்.

பிஎச்சோடு மல்லுக்கட்ட முடியாதவர்கள் ஃபீனாக்சிஎத்தனால் என்ற வேறொரு பாதுகாப்புப் பொருளை வாங்கலாம். மொத்த எடையில் 1 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஐரோப்பாவில் சட்டமே அந்த அளவுதான். தனியாகப் பூஞ்சணத்துக்கு அது கொஞ்சம் பலவீனம் என்பதால், அதன் வேலையைக் கூட்டும் எத்தில்ஹெக்சைல்கிளிசரின் சேர்த்தே விற்கும் கலவை நல்லது.

லோஷனில் இன்னொரு தொல்லை, எண்ணெயும் தண்ணீரும் பிரிவது. குலுக்கிச் சேர்ப்பது நிலைக்காது. எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிணைக்கும் குழம்பாக்கும் மெழுகை எண்ணெயோடு போட்டு, தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் வைத்து, இரண்டையும் 70 பாகைக்குச் சூடாக்கி, பிறகு ஒன்றாக்கி, ஆறும் வரை கிண்ட வேண்டும். பாதுகாப்புப் பொருளும் வாசனையும் சூடு 40க்கு இறங்கிய பிறகு. சந்தேகம் என்றால் ஒரு சின்னப் போத்தலை ஒரு நாள் பிரிட்ஜிலும் மறுநாள் வெயில் படும் ஜன்னலிலுமாக மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், பிரிகிற லோஷன் அதிலேயே பிரிந்து காட்டிவிடும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைவதால், அது அதிகமாக உள்ள லோஷன் பிரிட்ஜில் மணல் மணலாக ஆகலாம்.

போத்தலைக் கொதிநீரில் கழுவி, 70 சதவீத ஸ்பிரிட் அடித்து, தலைகீழாக வைத்துக் காய விடுங்கள். ஒரு துளி ஈரமும் மிச்சம் இருக்கக்கூடாது. வாய் அகன்ற டப்பாவைவிடப் பம்ப் வைத்த பழுப்புப் போத்தல் நல்லது, விரல் உள்ளே போகாது, வெளிச்சமும் குறையும். குளியலறை அலுமாரியில் மட்டும் வைக்காதீர்கள். செய்த தேதியை ஒட்டி, பாதுகாப்புப் பொருள் போட்டிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், நிறமோ வாடையோ மாறினால் அதற்கு முன்பே ஊற்றிவிடுங்கள்.